ஜாலான் செஹாலாவில் நிற்கிறேன்

கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வாரம், செந்தூலில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரோட்டிச் செல்லும்போது வழி தவறிவிட்டது. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். "எங்கடா நிக்கிற?" என்று அவர் கேட்டதும், கண்ணெதிரே அம்புக்குறியோடு இருந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து, "ஜாலான் செஹாலாவில் நிற்கிறேன்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அக்கா சிரித்த சிரிப்பும், அவர் அதை அத்தானிடம் சொல்ல அவர் சிரித்த சிரிப்பும், அக்கா மகன் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து விசாரித்ததும் வரிசையாகக் கேட்டன. மலாய் மொழியில் 'ஜாலான்' என்றால் சாலை, 'ஹாலா' என்றால் திசை, முன்னால் ஒட்டியிருக்கும் 'செ' என்பது ஒன்று. ஜாலான் செஹாலா என்பது ஒருவழிச் சாலை. அந்தப் பெயரில் இந்த நகரத்தில் எத்தனை சாலைகள் இருக்கின்றன என்பதை இப்போது என்னால் சிரித்துக்கொண்டே எண்ண முடிகிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் இப்படிச் சொல்வது இங்கே பழைய நகைச்சுவையாம். அது எனக்குத் தெரியாமல் நானும் என் பங்கைச் செலுத்திவிட்டேன்.

அன்று சிரித்து முடித்தாலும், அந்த வாரமும் அதற்கடுத்த சில மாதங்களும் வண்டி ஓட்டும்போது நான் செய்த தவறுகளை ஒருசேர நினைத்துப் பார்த்தால் அவற்றுக்கெல்லாம் ஒரே வேர் இருப்பது தெரிகிறது. மதுரையில் பதினான்கு ஆண்டுகள் கார் ஓட்டியவன் நான். மலேசியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம்தான் இருக்கிறது. ஊரில் வாங்கிவந்த பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அத்தானின் மைவி காரில் ஏறி உட்கார்ந்தபோது, புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்றே நினைத்தேன். வலப்பக்கம் ஓட்டும் நாடாக இருந்திருந்தால் பயந்திருப்பேன், பயந்திருந்தால் யாரையாவது கேட்டுப் படித்திருப்பேன். பார்ப்பதற்கு எல்லாம் நம் ஊரைப்போலவே இருந்ததால், மாறியிருந்த சிலவற்றை நான் பார்க்கவே இல்லை.

முதலில் இடப்புறத் திருப்பம். நம் ஊரில் சந்திப்புகளில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் இடப்புறம் திரும்புகிறவர்கள் நிற்பதில்லை. 'ஃப்ரீ லெஃப்ட்' என்பது பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிறப்புரிமைபோல நம்மிடம் ஊறிப்போன ஒன்று. செந்தூலிலிருந்து வெளியே வரும் ஒரு சந்திப்பில் நானும் அப்படியே, வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடப்புறம் வண்டியைத் திருப்பினேன். பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா மகன், "மாமா! லைட்டு சிவப்பு!" என்று கத்தினான். "நான் இடப்பக்கம்தானே போகிறேன்?" என்று நான் கேட்டதைக் கேட்டு அவன் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. இங்கே சிவப்பு என்றால் எந்தப் பக்கம் போகிறவருக்கும் சிவப்புதான். இடப்புறம் போவதற்கென்று சந்திப்புக்கு முன்பே பிரிந்து செல்லும் தனித் தடம் இருந்தால் மட்டுமே, எதிர்வருபவர்களுக்கு வழிவிட்டு அதில் போகலாம். அப்படிப் போகாமல் விளக்கைத் தாண்டினால் 300 ரிங்கிட் வரை சமன் வரும். போலீஸ் அபராதச் சீட்டை இங்குள்ள தமிழர்கள் சமன் என்றுதான் சொல்கிறார்கள். "சமன் வந்துச்சா?" என்று நலம் விசாரிப்பதுபோலக் கேட்டுக்கொள்வார்கள்.

அக்கா மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. உரிமம் வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. புதிய ஓட்டுநர்கள் முதல் இரண்டு ஆண்டுகள் காரில் 'பி' என்ற எழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள விதி. பதினான்கு ஆண்டு அனுபவக்காரனான நான் ஓட்ட, 'பி' ஒட்டிய பையன் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தான். எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளில் 42-க்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் தேர்ச்சி என்றும், தான் எத்தனை எடுத்தான் என்றும் அவன் ஒவ்வொரு சந்திப்பிலும் நினைவூட்டிக்கொண்டே வந்தான். எண்ணைச் சொன்னால் அவன் இன்னும் அதிகம் ஆடுவான் என்பதால் இங்கே எழுதவில்லை.

பலகைகள் தந்த தொல்லை வேறு வகை. தமிழ்நாட்டுக்காரனுக்கு ஒரு பலகை புரியவில்லை என்றால் அது தெரியாத எழுத்தில் இருக்கும், பார்த்தவுடனே புரியாது என்று மனம் ஒப்புக்கொள்ளும். மலாய் மொழியோ ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் கண் தயங்காமல் படித்துவிடுகிறது, படித்ததைப் புரிந்துகொண்டதாகவும் மனம் எண்ணிக்கொள்கிறது. எண்கோண வடிவில் சிவப்பாக நிற்கும் பலகையில் 'பெர்ஹெந்தி' என்று எழுதியிருக்கும். வடிவத்தைப் பார்த்தே நில் என்று புரிந்துகொள்ளலாம் என்பதால் அதில் சிக்கலில்லை. 'அவாஸ்' என்று ஒரு பலகையைப் பார்த்து, அவசரம் என்பதுபோல ஏதோ சொல்கிறார்கள் என்று எண்ணி விரைந்தேன். அது எச்சரிக்கை என்று பொருள்படும் சொல், மெதுவாகப் போ என்றுதான் அங்கே சொல்லியிருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் உச்சம் 'ஜாலான் மாத்தி'. ஒரு குடியிருப்புப் பகுதியின் நுழைவில் அதைப் பார்த்தேன். ரோமன் எழுத்தில் இருந்ததை 'மதி' என்றே என் கண் படித்தது. துன் சம்பந்தன் பெயரில் சாலை இருக்கும் ஊரில் மதி என்ற தமிழர் பெயரில் ஒன்று இருந்தால் என்ன வியப்பு என்று, சற்றுப் பெருமையோடுகூட உள்ளே ஓட்டிப்போனேன். இருநூறு அடியில் ஒரு மதிற்சுவர் வந்தது. மலாயில் 'மாத்தி' என்றால் சாவு. செத்த சாலை, அதாவது முட்டுச்சந்து. சுவரடியில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் முன்னும் பின்னுமாக ஐந்து முறை எடுத்துத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டே குழாயை மூடாமல் நின்றார்.

ஹாரன் விஷயத்தில் எனக்குப் பாடம் சொல்லித்தந்தவர் அத்தான். விளக்கு பச்சையான அதே நொடியில் முன்வண்டிக்கு ஒரு சின்ன ஹாரன் அடிப்பது எனக்குக் கையனிச்சை. அப்படி அடித்தபோது முன்காரில் இருந்தவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்த பார்வை, அவர் வீட்டுக் கூரையில் நான் கல்லெறிந்ததுபோல இருந்தது. இங்கே ஹாரன் அடிப்பது திட்டுவதற்குச் சமம் என்று அத்தான் விளக்கினார். அதை ஏற்றுக்கொண்டு ஒரு மாதம் ஹாரனைத் தொடாமல் இருந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து வெளியே வந்தால், என் காருக்கு வெளியே இன்னொரு கார் இணையாக நிறுத்தப்பட்டு, நான் வெளியே எடுக்க வழியே இல்லாமல் அடைத்திருந்தது. கண்ணாடி அருகே தொலைபேசி எண் எழுதிய அட்டையைத் தேடினேன். இப்படிக் குறுக்கே நிறுத்துகிறவர்கள் எண்ணை எழுதிவைத்துவிட்டுப் போவது இங்கே எழுதாத ஒழுங்கு. இவர் அதையும் வைக்கவில்லை. வெயிலில் இருபது நிமிடம் பேசாமல் நின்றேன். பூக்கடையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மா, "என்ன தம்பி சும்மா நிக்கிறீங்க, ஹாரன அழுத்திப் பிடிங்க" என்றார். நான் தயங்க, அவரே வந்து சன்னல் வழியாகக் கையை விட்டு அழுத்திப் பிடித்தார். தெருவே அதிர்ந்தது. யாரும் கோபப்படவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை கழுவிய ஈரத்தோடு ஒருவர் ஓடிவந்து, "சாரி சாரி" என்று சொல்லியபடி வண்டியை எடுத்தார். சாலையில் அடிக்கக்கூடாத ஹாரனை இதற்காக மட்டும் சேர்த்து வைத்திருக்கிறார்கள் போலும்.

மோட்டார்கள் தனி அத்தியாயம். மோட்டார் என்றால் இங்கே மோட்டார் சைக்கிள். பகலில் விளக்கெரிய வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு, எதிரே வருகிறவர் கையை உயர்த்தி விரல்களை விரித்து மூடிக் காட்டி, விளக்கு எரிகிறது என்று உணர்த்துவது நம் ஊர்ப் பண்பு. 2017-க்குப் பிறகு இந்தியாவில் விற்கப்படும் புதிய வண்டிகளில் விளக்கு தானாகவே எரிகிறது என்றாலும் என் கை இன்னும் பழையபடியே எழும். இங்கே மோட்டார்கள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட வேண்டும் என்ற விதி 1992-லிருந்தே இருக்கிறது. அது தெரியாமல் முதல் நாள் காலையில் நான் விரல்களை விரித்து மூடி, விரித்து மூடி, சந்தித்த ஒவ்வொரு மோட்டார்க்காரருக்கும் சைகை காட்டிக்கொண்டே போனேன். சிலர் பதிலுக்குக் கையசைத்தார்கள். ஒருவர் தன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கென்றே தனித் தடம் 1970-களிலிருந்து இருக்கிறது. அது இல்லாத சாலைகளில், தடங்களுக்கு நடுவே உள்ள கோட்டின் மீதே ஒன்றன்பின் ஒன்றாக ரயில்போல வருகிறார்கள். தடம் மாற நினைத்தால் பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்ப்பது போதாது. சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் அவர்கள் எல்லோரும் மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கிவிடுவதால் இடப்பக்கத் தடம் திடீரென்று குறுகிவிடும். அதையும் மழைக்காலத்தில் நான் கற்றுக்கொண்டேன்.

ரவுண்டானாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி, அதை இங்கே உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள் என்பதுதான் செய்தி. பஹாங் ரவுண்டானாவில் நான் வழிவிட்டு, வழிவிட்டு, மூக்கை நுழைக்கத் தெரியாமல் நின்ற நேரத்தில் ஒரு காப்பி குடித்திருக்கலாம்.

டோல் சாவடிக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரம்பானில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குத் தனியாகப் போனேன். இங்கே சாவடிகளில் காசு வாங்குவதில்லை. டச் அன் கோ அட்டையைக் காட்டினால் தடுப்பு உயரும். தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் நுழையும்போது ஒருமுறை அட்டையைக் காட்ட வேண்டும், வெளியேறும்போது இன்னொருமுறை காட்ட வேண்டும், ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் கழியும். நுழையும்போது அத்தானின் அட்டையைக் காட்டினேன். வழியில், அவர் காசைச் செலவழிக்கிறோமே என்ற நல்லெண்ணத்தில், வெளியேறும்போது என் அட்டையைக் காட்டினேன். என் அட்டைக்கு நான் எங்கே நுழைந்தேன் என்று தெரியாது. நுழைந்த இடம் தெரியாதபோது அதிகபட்சத் தூரத்துக்கான கட்டணத்தை எடுத்துக்கொள்வது இங்கே நடைமுறை. சிரம்பானுக்கு ஏதோ நாட்டின் மறுகோடியிலிருந்து வந்தவனைப்போலப் பணம் கட்டினேன். அந்த நல்லெண்ணத்துக்கு ஆன செலவில் மணமக்களுக்கு இன்னும் பெரிய மொய் எழுதியிருக்கலாம்.

திரும்பி வரும்போது வேறொன்று நடந்தது. சுங்கை பீசி சாவடியைத் தாண்டிக் கோலாலம்பூருக்குள் நுழைகையில், தலைக்கு மேல் வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து ஊர்ப்பெயர்கள், படித்து முடிப்பதற்குள் பலகை தலையைத் தாண்டிவிடும். இந்த நகரத்தில் பிரிவுச் சாலை ஒன்றைத் தவறவிட்டால், அடுத்த நூறு அடியில் திரும்பிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. சில கிலோமீட்டர் போய், சில நேரம் இன்னொரு டோல் கட்டி, ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். நான் தவறான தடத்தில் இருந்தேன். தடம் மாற இடமும் கிடைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாலை கீழே சரிந்து, வண்டியோடு பாதாளத்தில் இறங்கிவிட்டேன். அது ஸ்மார்ட் சுரங்கம். வெள்ள நீரை நகருக்கு அடியிலேயே கடத்திவிடுவதற்காகக் கட்டப்பட்ட 9.7 கிலோமீட்டர் சுரங்கத்தில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரத்தைக் கார்கள் ஓடும் இரண்டடுக்குச் சாலையாக அமைத்து 2007-இல் திறந்திருக்கிறார்கள். பெருமழையில் சாலையை மூடிவிட்டு அதே குழாயில் தண்ணீரை விடுவார்கள். மோட்டார்களுக்கும் கனரக வண்டிகளுக்கும் உள்ளே அனுமதி இல்லை. இந்த அருமை பெருமைகளை எல்லாம் பின்னால்தான் படித்தேன். அன்று உள்ளே போய்க்கொண்டிருந்தபோது வழிகாட்டிச் செயலியின் நீலப்புள்ளி உறைந்து நின்றுவிட, வெளியே எந்தப் பக்கம் முளைப்பேன் என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். முளைத்த இடம் செந்தூலுக்கும் போகாது, பிரிக்பீல்ட்ஸுக்கும் போகாது, டோல் மட்டும் போனது.

இவையெல்லாம் பணத்தோடும் வெட்கத்தோடும் போயின. இன்றும் நினைத்தால் உள்ளங்கை வியர்ப்பது வேறொரு நாள்.

கோலா சிலாங்கூர்ப் பக்கம் ஒரு பழைய தோட்டக் கோயிலில் திருவிழா. அக்காவும் அத்தானும் பின்னிருக்கையில், இடைவார் (சீட் பெல்ட்) மாட்டிக்கொண்டு. பின்னிருக்கையிலும் இடைவார் 2009-லிருந்து இங்கே கட்டாயம். அக்கா மகன் வழக்கம்போல் என் பக்கத்தில். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும், நடுவில் ஒரே கோடு போட்ட இருவழிச் சாலை. எங்களுக்கு முன்னால் செம்பனைக் குலைகள் ஏற்றிய லாரி. குலைகள் வலைக்கு மேலே பிதுங்கித் தெரிய, மணிக்கு 50 கிலோமீட்டரில் அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஏறக்குறைய பத்து நிமிடம் அதன் பின்னாலேயே போனேன். சாலை லேசாக வளைந்து மேடேறும் இடத்தில் லாரியின் வலது விளக்கு மினுக்கத் தொடங்கியது.

எங்கள் பக்கத்து லாரி ஓட்டுநர்கள் பலரிடம் அதற்குப் பொருள் ஒன்றுதான். எதிரே வண்டி இல்லை, நீ முந்திக்கொள். சட்டப்படி வலது விளக்கு என்றால் வலப்புறம் திரும்பப் போகிறேன் என்பதே பொருள் என்றாலும், தேனி சாலையிலும் நத்தம் சாலையிலும் ஓட்டி வளர்ந்தவனுக்கு அது பெரியவர் கையசைத்து வழிவிடுவதுபோல. இடப்புறத் திருப்பத்தைப்போல இதையும் நான் யோசிக்கவில்லை. நன்றி சொல்லும் பாவனையில் விளக்கை ஒருமுறை மின்னவிட்டு, வலப்பக்கம் வண்டியை எடுத்து, மிதித்தேன்.

பாதி லாரியைத் தாண்டுவதற்குள் மேட்டின் உச்சியில் ஒரு பேருந்தின் நெற்றி தெரிந்தது. அதை இப்படித்தான் சொல்ல முடியும். முதலில் நெற்றி, பிறகு கண்ணாடி, பிறகு இரண்டு விளக்குகள். அத்தான் என்ன கத்தினார் என்று நினைவில்லை. நான் பிரேக்கை மிதித்த அதே நேரத்தில், லாரி ஓட்டுநரும் வேகத்தைக் குறைக்காமல் இடப்பக்கப் புல்லில் பாதிச் சக்கரத்தை இறக்கினார். அவர் பின்னால் மூக்கை நுழைத்து மறுபடி அந்தக் குலைகளைக் கண்ணெதிரே பார்த்தபோது, எங்களை உரசாமல் பேருந்து கடந்து போயிருந்தது. குலை ஒன்று உருண்டு சாலையில் விழுந்து, காயொன்று தெறித்துக் கண்ணாடியில் பட்டது. அந்த ஆரஞ்சு நிறப் பிசுக்கை வீட்டுக்குப் போய்த்தான் துடைத்தேன்.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு அத்தான் பொறுமையாகச் சொன்னார். இங்கே லாரிக்காரர் வலது விளக்கைப் போட்டால் எதிரே வண்டி வருகிறது, முந்தாதே என்று பொருளாம். இடது விளக்கைப் போட்டால்தான் வழி காலி, போகலாம். அந்த ஓட்டுநர் எனக்கு உதவி செய்திருக்கிறார். மேட்டின் மேலிருந்த பேருந்தை அவருடைய உயரமான இருக்கையிலிருந்து முன்கூட்டியே பார்த்து, வேண்டாம் தம்பி என்று விளக்கால் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் நன்றி வேறு சொல்லிவிட்டு எதிர்த்தடத்தில் ஏறியிருக்கிறேன். இது 50 கேள்விகளில் ஒன்றாகவும் வராது என்று அக்கா மகன் ஒப்புக்கொண்டான். அன்று மாலை முழுதும் அவன் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

அதன்பிறகு ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, இந்நாட்டு உரிமம் எடுத்துவிட்டேன். நெடுஞ்சாலையில் 110, கூட்டரசுச் சாலையில் 90, பெருநாள் காலத்தில் அதுவே 80 என்பதெல்லாம் இப்போது மனப்பாடம். சந்திப்பில் இடப்புறம் திரும்ப நிற்கும்போது சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு தேனிக்குப் போகும்போது, உசிலம்பட்டியைத் தாண்டியதும் வைக்கோல் லாரி ஒன்று முன்னால் வந்தது. அது வலது விளக்கைப் போட்டது. நான் வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே போனேன். அது விளக்கை அணைத்து மறுபடியும் போட்டது. நான் இன்னும் கொஞ்சம் பின்வாங்கினேன். "எதுக்குடா பம்முற?" என்று அப்பா கேட்டார். மலேசியாவில் இதற்கு வேறு பொருள் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள், லாரிக்காரர் பொறுமையிழந்து முழுக் கையையும் வெளியே நீட்டி, போ போ என்று வீசிக் காட்டினார்.